பெரிய வீடு, போர் தண்ணீர், சாஃப்ட்னர்

தண்ணீர் சாஃப்ட்னர் விற்கும் கடையில் முதலில் கேட்பது, வீட்டில் எத்தனை பேர் என்று. நாலு பேர் என்றால் ஒரு மாடல், பத்துப் பேர் என்றால் அதைவிடப் பெரியது. தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி குடும்பங்கள், மாடியில் ஒரு போர்ஷன் என்று கணக்குச் சொல்லச் சொல்ல விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். ஆட்களின் எண்ணிக்கை வேண்டாத தகவல் இல்லைதான். ஆனால் அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரவேண்டிய கேள்வி. உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது, எந்தெந்தக் குழாய்க்கு மென்மையான நீர் வேண்டும், கருவியை எந்த பைப்பில் மாட்டப் போகிறீர்கள், அந்த பைப்பில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்கிக் கொட்ட வீட்டில் ஆள் இருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிட்டால், எந்த அளவுக் கருவி என்பது தானாகவே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்ட நீரைத்தான் போர் போட்டு மேலே எடுக்கிறோம். கோயம்புத்தூரில் ஒரே வீட்டில் சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாயிலும் போர் தண்ணீர் இன்னொரு குழாயிலும் வரும்; இரண்டிலும் ஒரே சோப்பைப் போட்டுப் பார்த்தால் கடினத்தன்மை என்றால் என்ன என்று பாடம் நடத்தவே வேண்டாம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தைக் காரணம் காட்டிக் கடினத்தன்மைக்கு எந்த வரம்பும் வைக்கவில்லை. ஆகவே இது நோய் பற்றிய பிரச்சினை என்பதைவிட வீட்டை நடத்துவது பற்றிய பிரச்சினை: கீசர் காயிலில் படியும் வெள்ளை ஓடு, அடைத்துக்கொள்ளும் ஷவர், குளியலறை டைல்ஸில் போகாத திட்டு, வேகாத பருப்பு.

பருப்பு வேகாததற்குக் காரணம், நீரிலிருக்கும் கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுவது. போர் தண்ணீர் வீடுகளில் உலைக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துவைப்பதற்கும், சிட்டிகை சமையல் சோடா போடுவதற்கும் வேதியியல் துணை நிற்கிறது. முடி உதிர்வுக்கும் தோல் அரிப்புக்கும் இதே அளவு துணை கிடையாது. இங்கிலாந்தில் கடினநீர்ப் பகுதிகளில் வாழும், எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவு 2011இல் வெளியானது. பாதிப் பேரின் வீடுகளில் பன்னிரண்டு வாரம் சாஃப்ட்னர் ஓடியது. வழக்கமான சிகிச்சையோடு இதுவும் சேர்ந்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. விளம்பரத்தில் பளபளக்கும் கூந்தலைப் பார்த்துக் கருவி வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். கீசருக்காகவும் வாஷிங் மெஷினுக்காகவும் டைல்ஸ் தேய்க்கும் கைக்காகவும் வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

அடுத்த சிக்கல், எல்லாவற்றையும் உப்புத் தண்ணீர் என்ற ஒரே பெயரில் போட்டுவிடுவது. சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் கரிப்பதற்குக் காரணம் சோடியம் குளோரைடு; கடல்நீர் உள்ளே ஊறிய கதை அது. உள்மாவட்டப் பாறைப் பகுதிகளில் சோப்பு நுரைக்காமல் போவதற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். சாஃப்ட்னர் இரண்டாவதை மட்டும்தான் தீர்க்கும். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைக் கொடுக்கும். கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவான டிடிஎஸ் குறையாது, இம்மியளவு கூடும். பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு, போட்ட பிறகும் எண் குறையவில்லையே என்று சண்டை பிடிப்பவர்களையும், அதே மீட்டரில் 1,200 காட்டுகிறது, ஆகவே பெரிய சாஃப்ட்னர் வேண்டும் என்று விற்கிறவர்களையும் நிறையப் பார்க்கலாம். இரு தரப்பும் தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடையும் சாஃப்ட்னர் தொடாது. குழம்பிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கடினத்தன்மையைத் தொடாது.

கடினத்தன்மையை அளக்க மீட்டர் வேண்டியதில்லை, ஈ.டி.டி.ஏ. சொட்டுச் சோதனைப் பெட்டி போதும். சிறு குழாயில் நீரை எடுத்து, நிறங்காட்டியைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். அது நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். இன்னும் நம்பகமாக வேண்டுமென்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் மாதிரி கொடுக்கலாம். கடைக்காரர் இலவசமாகச் செய்துதரும் சோதனையை மட்டும் நம்பிப் பெரிய தொகையைச் செலவழிக்க வேண்டாம். மே மாதம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒன்று என்று இரண்டு மாதிரி பார்ப்பது நல்லது. எண் பருவத்துக்குப் பருவம் மாறும். கருவியை வறட்சிக் காலத்து எண்ணுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தக் கடினத்தன்மையோடு இரும்பின் அளவையும் கேட்டு வாங்குங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

கருவிக்குள் நடப்பதன் சூட்சுமத்தை முதலில் கவனித்தவர்கள் விவசாயத்தோடு தொடர்புள்ளவர்கள். 1850இல் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர், மண்ணில் ஊற்றிய அம்மோனியம் உப்பு மண்ணிலேயே தங்கிவிட்டு அதற்கு ஈடாகக் கால்சியத்தை வெளியே அனுப்புவதைப் பதிவு செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் அதே வேலையைச் செய்யும் செயற்கைக் கனிமத்தை உருவாக்கி நீரை மென்மையாக்கினார். 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரண்டு ஆங்கில வேதியியலாளர்கள் செயற்கைப் பிசினும் அயனிகளை மாற்றிக்கொள்ளும் என்று காட்டினார்கள். இன்று நாம் ரெசின் என்று சொல்லும் தேன்நிறக் குருணை அந்த வழியில் வந்தது. அது தேய்ந்து தீர்ந்துபோகும் வடிகட்டி இல்லை. கால்சியத்தால் நிரம்பியதும் அடர்த்தியான உப்புக் கரைசலை உள்ளே விட்டால், சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைத் தள்ளி வெளியேற்றும். ரெசின் மறுபடி புதிதாகிவிடும். இந்தப் புதுப்பித்தலைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். சாஃப்ட்னரின் செலவு, உழைப்பு, தொல்லை மூன்றும் இங்கேதான் இருக்கின்றன. அதனால் இந்தக் கணக்கில் கொஞ்சம் நிதானமாகவே இறங்க வேண்டும்.

பத்துப் பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரக் குடிநீர்த் திட்டங்களின் வழக்கமான அளவு. ஆக 1,350 லிட்டர். போர் தண்ணீரின் கடினத்தன்மை 600 மி.கி. என்று வைப்போம். நாளொன்றுக்கு நீக்க வேண்டியது 810 கிராம். மாதத்துக்கு ஏறக்குறைய 24 கிலோ.

இதற்கு எவ்வளவு உப்பு? வேதியியல் ஏட்டுக் கணக்குப்படி ஒரு கிராம் கடினத்தன்மைக்கு 1.17 கிராம் உப்பு போதும். நடைமுறையில் ஒருபோதும் அவ்வளவில் முடியாது. ஒரு லிட்டர் ரெசினுக்கு 240 கிராம் உப்பு போட்டுப் புதுப்பித்தால் அது 68 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 100 கிராம் மட்டும் போட்டால் சுமார் 46 கிராம் பிடிக்கும். உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தும் பிடிக்கும் திறன் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. முதல் வழியில் ஒரு கிராமுக்கு மூன்றரை கிராம் உப்பு. இரண்டாவது வழியில் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். கருவியின் கொள்ளளவைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் விலைப்பட்டியலில் அதிக உப்புக் கணக்கைப் போடுவார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கொள்ளளவு எத்தனை கிராம் உப்புக்கு என்பது. பதில் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காமல் வருவதே மேல்.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் அடிக்கும். 1,350 லிட்டரையும் மென்மையாக்கி, 240 கிராம் கணக்கில் புதுப்பித்தால் மாதம் 85 கிலோ உப்பு. அதே நீருக்கு 100 கிராம் கணக்கு என்றால் 53 கிலோ. அடுத்து, கழிப்பறைக்கு ஊற்றும் தண்ணீரை மென்மையாக்க வேண்டிய தேவை என்ன? ஆளுக்கு 135 லிட்டரில் 45 வரை அதற்கே போகும். அதைப் பிரித்துவிட்டால் மிச்சம் 900 லிட்டர். உப்பு 35 கிலோ. கடைசியாக, கடினத்தன்மையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து 120 மி.கி. அளவில் நிறுத்தினால் சோப்பும் நன்றாக நுரைக்கும், கீசரும் தாங்கும், எவ்வளவு ஊற்றினாலும் சோப்பு வழுக்கல் போகவில்லையே என்ற புகாரும் வராது. அப்போது உப்பு 28 கிலோ. அதே வீடு, அதே பத்துப் பேர், 85 கிலோவிலிருந்து 28 கிலோ. இந்த இறக்கத்துக்குப் பெரிய கருவியோ விலையுயர்ந்த ரெசினோ காரணமில்லை. குழாய்களைப் பிரித்ததும், கலப்பு வால்வு ஒன்றைத் திறந்துவைத்ததும், உப்பின் அளவைக் கட்டுப்படுத்தியதும்தான் காரணம்.

குழாய்களைப் பிரிப்பது புதிதாகக் கட்டும் வீட்டில் எளிது. மாடியில் இரண்டு தொட்டி: ஒன்று கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் வாசல் கழுவவும், மற்றது குளியலுக்கும் பாத்திரம் கழுவவும் துணிக்கும். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்பதால் எல்லோரும் தயங்குவார்கள். ஆனால் பல பழைய வீடுகளில் மாநகராட்சித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் ஏற்கெனவே தனித்தனிக் குழாய் ஓடுகிறது. சென்னையில் மெட்ரோ வாட்டர் ஒரு சம்ப், போர் இன்னொரு சம்ப் என்று கட்டிய வீடுகள் ஏராளம். அங்கே பாதி வேலை முடிந்தமாதிரி. இரண்டையும் ஒரே சம்ப்பில் கலந்துவிட்டு, கலந்த நீர் முழுவதையும் சாஃப்ட்னரில் ஓட்டுவதுதான் மோசமான ஏற்பாடு. ஏற்கெனவே மென்மையாக இருந்த நீருக்கும் சேர்த்து ரெசின் வழியே பாதை போட்டுக்கொடுத்து, அதன் குளோரினால் ரெசினையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொள்வதாக ஆகும்.

இனி எங்கே மாட்டுவது. வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். அமெரிக்க வீட்டில் தெருக்குழாயிலிருந்து அழுத்தத்தோடு வரும் நீர் நேராகச் சாஃப்ட்னருக்குள் புகுந்து குழாய்க்குப் போகிறது. காலை ஏழு மணிக்கு மூன்று ஷவரும் ஒரு வாஷிங் மெஷினும் ஒன்றாக ஓடினால், அந்த உச்ச வேகத்தைக் கருவி தாங்க வேண்டும். ஆகவே பெரிய குடும்பத்துக்குப் பெரிய வால்வு, ஒன்று புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மற்றது ஓடும் இரட்டைத் தொட்டி என்று அவர்கள் பரிந்துரைப்பது நியாயம். நம் வீட்டு மாடியில் ஆயிரமோ இரண்டாயிரமோ லிட்டர் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. காலை நெரிசல் முழுவதையும் அது வாங்கிக்கொள்கிறது. சாஃப்ட்னருக்குத் தெரிவதெல்லாம் தொட்டியை நிரப்பும் மோட்டாரின் வேகம் மட்டுமே. கருவி இரண்டு மணி நேரம் புதுப்பித்தலில் இருந்தாலும் தொட்டியிலுள்ள நீரில் வீடு ஓடும். இரட்டைத் தொட்டிக் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுக்க மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டுக்குக் காரணமே இல்லை. மேல்தொட்டி இல்லாமல் சம்ப்பிலிருந்து பிரஷர் பம்பு மூலம் நேராகக் குழாய்களுக்கு நீர் தரும் புதுவகை வீடுகளுக்கு மட்டும் அமெரிக்கக் கணக்கு பொருந்தும்.

அப்படியானால் சம்ப் மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் பைப்தான் சரியான இடம். மாடித் தொட்டிக்குக் கீழே, குழாய்களுக்குப் போகும் வழியில் மாட்டச் சொல்வோரும் உண்டு. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் 0.3 பார்தான். ரெசின் படுகையைக் கடக்கவே அது செலவாகிவிடும். ஷவரில் நூலாக வடியும். உப்புக் கரைசலை உறிஞ்சும் அமைப்புக்கும் அந்த அழுத்தம் போதாது. போர் மோட்டாரிலிருந்து நேராக மாடிக்குப் போகும் பைப்பில் மாட்டுவதில் வேறு ஆபத்து: போரின் மணல் ரெசினுக்குள் புகும், மோட்டார் நின்றதும் பைப்பிலுள்ள நீர் கீழே சரிந்தால் வெற்றிடம் உண்டாகி, ரெசின் இருக்கும் எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை) வெஸலை நசுக்கும். சம்ப்பில் ஒரு நாள் தெளிந்த நீர், சம்ப் மோட்டார், அதன் பிறகு நான்ரிட்டர்ன் வால்வு, சாஃப்ட்னர், மாடித் தொட்டி என்ற வரிசை தொல்லையில்லாதது. வெஸலுக்கு நிழலும் வேண்டும். மொட்டை மாடி வெயிலில் எஃப்.ஆர்.பி.யும் பிளாஸ்டிக் வால்வும் நீண்டநாள் தாங்குவதில்லை.

மோட்டாரின் வேகம் இப்போது முக்கியமாகிறது. ரெசினின் கன அளவைப்போல மணிக்கு நாற்பது மடங்குக்குமேல் நீர் ஓடக்கூடாது என்பது பொதுவான வரம்பு. வேகம் கூடினால் கால்சியம் பிடிபடாமல் நழுவும். 50 லிட்டர் ரெசின் என்றால் மணிக்கு 2,000 லிட்டர். ஒரு எச்.பி. மோட்டார் 3,000 லிட்டர் ஏற்றினால் 75 லிட்டர் ரெசின் வேண்டும். வியாபாரத்தில் (விட்டம், உயரம் அங்குலத்தில்) 10×54 என்று சொல்லும் வெஸலில் அது அடங்காது, 13×54க்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கேட் வால்வைக் கொஞ்சம் திருகி மோட்டாரை 2,000 லிட்டருக்கு அடக்கலாம். 900 லிட்டர் ஏற அரைமணி நேரம் ஆகும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆக வெஸலின் குறைந்தபட்ச அளவை முடிவு செய்வது மோட்டார். ஆட்களின் எண்ணிக்கை முடிவு செய்வது எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிப்பது என்பதை. நம் வீட்டில் கலப்பு வால்வோடு நாளுக்கு 432 கிராம். 50 லிட்டர் ரெசின் ஐந்து நாளும் 75 லிட்டர் எட்டு நாளும் தாங்கும். எனக்குப் பெரியதுதான் பிடிக்கும், ஆனால் ஆள்கணக்குக்காக இல்லை: ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முறை என்று பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பழக்கம் என்றதும் தானியங்கி வால்வா, கையால் திருப்புவதா என்ற பேச்சு வரும். தானியங்கியில் இரண்டு வகை. நாள்கணக்கில் புதுப்பிப்பது ஒன்று. ஓடிய லிட்டரை எண்ணிப் புதுப்பிப்பது மற்றது. கல்யாணத்துக்கு இருபது பேர் வந்து தங்கினாலும், கோடை விடுமுறையில் வீடே காலியாக இருந்தாலும் நாள்கணக்கு வால்வுக்குத் தெரியாது. கூட்டம் ஏறி இறங்கும் பெரிய வீட்டுக்கு லிட்டரை எண்ணும் வகைதான் பொருத்தம். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. தானியங்கி வால்வு வழக்கமாக நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்குப் புதுப்பிக்கத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் அதை வடிவமைத்தவர்கள் பைப்பில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தம் இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். நம் வீட்டில் அந்த நேரத்தில் சம்ப் மோட்டார் தூங்கிக்கொண்டிருக்கும். வால்வு திரும்பும், தண்ணீர் வராது, உப்பு உறிஞ்சப்படாது, காலையில் திரையில் எல்லாம் சரியாக முடிந்ததாகக் காட்டும். உப்புத் தொட்டியில் உப்பு குறையவே இல்லையென்று சிக்கனம் பாராட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். வால்வு திரும்பும்போது மோட்டாரும் ஓடும்படி எலெக்ட்ரீஷியனை வைத்து இணைப்புக் கொடுக்க வேண்டும், அல்லது புதுப்பிக்கும் நேரத்தை மோட்டார் போடும் நேரத்துக்கு மாற்ற வேண்டும். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் சில வால்வுகள் கடினநீரை அப்படியே மாடித் தொட்டிக்கு விட்டுவிடும். தொட்டிக்குப் போகும் பைப்பை அப்போது மூடிவைக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று தோன்றினால், கையால் திருப்பும் மல்ட்டிபோர்ட் வால்வு அவ்வளவு மட்டமானதில்லை. நீரை எதிர்த்திசையில் ஓட்டிக் கழுவும் பேக்வாஷ் பத்து நிமிடம், உப்புக் கரைசல் அரைமணி, அலசல் அரைமணி. வாரம் ஒருநாள் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் முடிந்தது. கூட்டுக் குடும்பத்தில் எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லாமல் போகும் என்பதுதான் பயம். அந்த ஒருவர் யார் என்று இப்போதே சொல்ல முடியாத வீடு தானியங்கிக்கே போகலாம்.

உப்பைப் பொறுத்தவரை நமக்குக் கவலையில்லை; குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் தூத்துக்குடியில். கல்லுப்பு மலிவு. ஆனால் அதில் மண்ணும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்திருக்கும். தனி வாளியில் கரைத்துத் தெளியவைத்து ஊற்றும் கைமுறைக் கருவிக்கு அது தாராளமாகப் போதும். தானியங்கியின் உறிஞ்சுக் குழலில் துளை மிகச் சிறியது, அந்த மண்ணே அடைத்துவிடும். அதற்கு மாத்திரை வடிவ உப்பு வாங்குவதே நல்லது. தூள் உப்பு இரண்டுக்கும் வேண்டாம், அடியில் இறுகிக்கொள்ளும்.

இரும்பைப் பற்றி முன்பே சொன்னேன். போரிலிருந்து தெளிவாக வந்து, வாளியில் நின்றதும் பழுப்பாகும் நீர் என்றால் இரும்பு இருக்கிறது. அது ரெசின் குருணைக்கு மேலும் உள்ளேயும் படிந்து உப்புக் கரைசலுக்கு அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். நல்ல நீரில் ஐந்தாறு ஆண்டும் அதற்கு மேலும் உழைக்கும் ரெசின், இரும்பு நீரில் சீக்கிரம் செத்துப்போகும். சம்ப்பில் விழும்போது நீரைச் சிதறவிட்டுக் காற்றோடு கலந்து, பிறகு இரும்பு நீக்கும் வடிகட்டியில் ஓட்டி, அதன் பிறகே சாஃப்ட்னர். அந்தச் செலவுக்கு மனமில்லையென்றால் சாஃப்ட்னரும் வேண்டாம்.

உப்பே வேண்டாம் என்று விற்கப்படும் கருவிகளை என்ன செய்வது? பைப்பைச் சுற்றிக் கட்டும் காந்தத்துக்கும் மின்கம்பிச் சுருளுக்கும் ஆதரவாக ஒழுங்கான சான்று கிடைப்பது அரிது, எனக்கு நம்பிக்கையில்லை. கால்சியத்தை நுண்படிகமாக்கி மிதக்கவிடும் ஊடகக் கருவிகள் வேறு ரகம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, வெந்நீர் காயிலில் படியும் ஓட்டை இவை பெருமளவு குறைத்தன. ஆனால் கடினத்தன்மை நீரில் அப்படியே இருக்கிறது. சோப்பு நுரைக்காது, டைல்ஸில் உலர்ந்த நீர் தடம் விடும். கீசரை மட்டும் காப்பாற்ற வேண்டிய வாடகை வீட்டுக்கு, கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் முன்னால் மாட்டும் பாலிபாஸ்பேட் உருண்டைக் குழலே மலிவு. வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. போடுவது தண்ணீரை வீணாக்குவதன் உச்சம். கடற்கரைப் பகுதியில் நீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.

குடிப்பதற்கு எது? 600 மி.கி. கடினத்தன்மையை முழுக்க நீக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 275 மி.கி. சோடியம் சேரும். மூன்று லிட்டர் குடிப்பவருக்கு 800 மி.கி.யைத் தாண்டும். நாளொன்றுக்கு 2,000 மி.கி.க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களும் இரத்த அழுத்தக்காரர்களும் இருக்கும் வீட்டில் குடிநீரும் சமையல் நீரும் சாஃப்ட்னரிலிருந்து நேராக வரக்கூடாது. மாநகராட்சி நீர் இருந்தால் அது. இல்லாவிட்டால் சமையலறையில் ஒரு சிறிய ஆர்.ஓ. சாஃப்ட்னர் தாண்டி வந்த நீர் ஆர்.ஓ.வுக்கு வசதியும்கூட: சவ்வில் ஓடு படியாது, சேர்ந்த சோடியத்தில் பெரும்பகுதியை அதுவே எடுத்துவிடும்.

மழைநீரைச் சொல்லாமல் விட முடியாது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். நம் பத்துப் பேர் வீட்டின் ஒரு நாள் மென்னீர்த் தேவை அது. ஐப்பசி கார்த்திகையில் சம்ப்புக்கு அதை வடிகட்டி விட்டால் பல நாள் சாஃப்ட்னரையே மூடிவைக்கலாம். லிட்டரை எண்ணும் வால்வு வாங்கியிருந்தால் இந்த மிச்சம் தானாகவே உப்புக் கணக்கில் தெரியும்.

கடைசியாகக் கழிவு. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் 75 லிட்டர் ரெசினுக்கு ஏழரைக் கிலோ உப்பு, பிடித்துவைத்திருந்த கால்சியத்தோடு சில நூறு லிட்டர் நீரில் கரைந்து வெளியே வரும். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் வீட்டுச் சாஃப்ட்னர்களின் குளோரைடு கழிவுநீர் வழியே ஆற்றுக்குப் போய், கீழே அவகாடோ, ஸ்ட்ராபெரி பயிர்களை மிரட்டியதால் 2003இல் புதிதாகப் பொருத்தத் தடை வந்தது. 2008இல் வாக்கெடுப்பு நடத்தி ஏற்கெனவே இருந்தவற்றையும் அகற்றச் சொன்னார்கள். நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வீட்டைச் சுற்றி எங்காவது ஒரு உறைகிணறோ குழியோ இருக்கும். கருவி பொருத்த வரும் பிளம்பருக்கு அது வசதியான வடிகாலாகத் தெரியும். அதில் விட்டால் அந்த உப்பு உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும்தான் போய்ச் சேரும். செடிகளுக்கு விட்டால் சோடியம் சேர்ந்து மண் இறுகும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிற இடத்தில் அதில் விடுவதுதான் இருப்பதில் ஒழுங்கான வழி. அது இல்லாத ஊர்ப்புறத்து வீடுகளில் பேக்வாஷ் நீரையும் கடைசி அலசல் நீரையும் தனியே பிடித்துக் கழிப்பறைத் தொட்டிக்கு விட்டு, நடுவில் வரும் அடர்த்தியான பகுதியை மட்டும் பிளாஸ்டிக் விரித்த ஆழமற்ற தொட்டியில் வெயிலில் வற்றவிடலாம். இது அத்தனை எளிய வேலை இல்லைதான்.

பொருத்திய பிறகு முதல் சுற்றில் வால்வின் கணக்கை நம்பிவிடக் கூடாது. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு சொட்டுச் சோதனை செய்து, சாஃப்ட்னரிலிருந்து வரும் நீரின் கடினத்தன்மை எந்த நாளில் ஏறத் தொடங்குகிறது என்று பாருங்கள். அதுவரை ஓடிய லிட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வரும் எண்ணை வால்வில் பதியுங்கள். கோடையில் தண்ணீர் மாறும்போது இதையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.